சாவி வேண்டாத கதவு

"கதவு திறக்கலை, குண்டா."

போனில், விடைபெற்றுக் கீழே இறங்கியிருந்த ஹிமேனாவின் குரல். சோபாவில் படுத்திருந்த லவுதாரோ திரையை மறுபடி தட்டினான். ஐந்து மாடிக்குக் கீழே தெருக்கதவு அசையவில்லை. அவன் ஒல்லிக்குச்சி. ஆனாலும் காதலிக்கு அவன் குண்டன்தான்.

அரை டிராயரும் ரப்பர் செருப்புமாக, லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினான். புவெனஸ் ஐரெஸின் அல்மாக்ரோ பகுதியில் எல்லாக் கட்டடங்களையும் போல இங்கும் தெருக்கதவை உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும். விருந்தாளி வந்தாலும் போனாலும் வீட்டுக்காரர் லிஃப்டில் இறங்கி வந்து திறந்துவிட வேண்டும். லவுதாரோவுக்கு அது நூற்றாண்டுக்கே அவமானமாகப் பட்டது. செவ்வாய்க் கிரகத்தில் வண்டி ஓட்டும் காலத்தில் இரும்புத் துண்டைத் திருகிக்கொண்டிருக்கிறோமே என்று குடியிருப்போர் கூட்டத்தில் முழங்கி, போனிலிருந்து திறக்கும் பூட்டைத் தன் கையாலேயே செய்து மாட்டியிருந்தான்.

அவனுக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. பேட்டரியை ஒட்டி விற்கிற கம்பெனிக்காரனைச் சிறையில் போட வேண்டும். தலைப்பில் 'அதிர்ச்சி' என்று இருக்கும் வீடியோவைத் தொடக் கூடாது. மற்றதை இரண்டு மடங்கு வேகத்தில்தான் பார்க்க வேண்டும். காதலி அனுப்பும் குரல் செய்தியும் அதில் சேர்த்தி.

ஹிமேனா கதவுக்கு உள்பக்கம் ரப்பர் செடித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பூட்டுப் பெட்டியில் விளக்கு எரியவில்லை.

"கரன்ட் இல்லையோ?" என்றாள்.

"அதெல்லாம் இல்ல. வன்பொருள் பொய் சொல்லாது. மென்பொருள் தூங்குது, அவ்வளவுதான்."

தரையில் சம்மணமிட்டுத் தட்டத் தொடங்கினான். அவள் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீர் ஊற்றினாள். ஒரே குடுவையில் மாறி மாறி உறிஞ்சினார்கள். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில், முதுகு பிடித்துக்கொண்ட ஒரு டாங்கோ நடன வாத்தியாரை நிமிர்த்திய கதையைச் சொன்னாள். அவன் சிரித்தான். கதை முடிந்த சற்று நேரத்தில் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பார்த்தியா? நாலு வரி மாத்தினேன்."

"கெட்டிக்காரன்," என்று அவன் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஹிமேனா கிளம்பும்போதும் அதே கதை. முதல் மாடிப் பாட்டி தோன்யா நெலிதா, தன் நாய் பஞ்சோவுடன் வாசலில் மாட்டிக்கொண்டு, தன் கணவர் சாகும்வரை ஒரு சாவியைக்கூடத் தொலைத்ததில்லை என்று அவனிடம் சொன்னாள். லவுதாரோ அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு, குரலுக்குத் திறக்கிற மாதிரி பூட்டை மாற்றினான்.

அந்த மென்பொருளுக்கு ஸ்பெயின் தலைநகர் மத்ரித்காரர்கள் பேச்சு மட்டுமே பேச்சாகப் பட்டது. புவெனஸ் ஐரெஸ் நாக்கை அது மனிதக் குரலாகவே எண்ணவில்லை. கட்டடமே ஸ்பெயின் ராஜகுடும்பம் போலப் பேசப் பழக வேண்டியதாயிற்று. ரொட்டி வாங்கக் கிளம்பும் தோன்யா நெலிதா வாசலில் நின்று, "கதவே, தயைகூர்ந்து திறந்தருள்வாயாக," என்று இறைஞ்சுவதைத் தெருவே கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்தது.

பிறகு முகம் பார்த்துத் திறக்கும் கேமரா வந்தது. அது மூன்றாம் மாடிப் பல் டாக்டர் என்று நினைத்துப் பஞ்சோவை வெளியே விட்டது. நாயை மூலைப் பீட்சாக் கடையில் கண்டுபிடித்தார்கள். டாக்டர் அன்றிலிருந்து லவுதாரோவோடு பேசவில்லை.

இத்தனை மாற்றியும் ஹிமேனா கிளம்பும்போது மட்டும் எதுவும் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் ஓடி வந்தான், தரையில் உட்கார்ந்தான், அவள் மாத்தே ஊற்றினாள்.

இந்த நேரத்தில்தான் அவளுக்கு மெந்தோசாவிலிருந்து வேலை வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதை நீளமான குரல் செய்தியாக அனுப்பியிருந்தாள். லவுதாரோ ஈயப்பற்று வைத்துக்கொண்டே இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டு, கட்டை விரல் படம் அனுப்பினான். அப்புறம்தான் உறைத்தது. அவளை இங்கேயே, இந்த வீட்டுக்கே குடிவரச் சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் கதவே ஒழுங்காகத் திறக்காத வீட்டுக்கு எவள் வருவாள்?

பூட்டைச் சரிசெய்யக் குடியிருப்போர் கூட்டமும் சனிக்கிழமை வரைதான் அவகாசம் கொடுத்தது. லவுதாரோ விடுப்புப் போட்டான். பழைய வயரையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, மின் இணைப்பை மேற்கூரைக்குள் கொண்டுபோய் மூடினான். மத்ரித்தையும் முகத்தையும் தூக்கிப் போட்டான். கேமரா பார்க்க மட்டும், போன் திறக்க. பத்துத் தடவை சோதித்துப் பார்த்தான். அப்பழுக்கில்லை. இனி தைரியமாகக் கேட்கலாம். அவள் வீடு போய்ச் சேர்ந்ததும் அழகாக ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை இறைச்சி அடைத்த எம்பனாடா சாப்பிட்டார்கள். இருட்டுகிற நேரத்தில் பையை எடுத்துக்கொண்டாள். பைக்குள் ஃபிளாஸ்க் உருண்டது.

"கீழ வரியா?"

"எதுக்கு? இனிமே உனக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. இங்க இருந்தே ஒரு தட்டு."

"ஒரு தட்டு," என்றாள் அவள்.

சோபாவில் சாய்ந்து கேமராவில் பார்த்தான். அவள் லிஃப்டிலிருந்து வந்தாள். ரப்பர் செடிக்குப் பின்னால் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. கம்மல் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, கேமராவை ஒரு கணம் நேராகப் பார்த்தாள். அவன் தட்டினான். கதவு வெண்ணெய் போலத் திறந்தது. அவள் போய்விட்டாள்.

லவுதாரோவால் சந்தோஷம் தாங்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தடதடவென்று கீழே இறங்கினான். தோன்யா நெலிதா பஞ்சோவை உலாவ விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா, சென்யோரா? இன்னிக்கு ஹிமேனா போகும்போது ஒரு தகராறும் இல்ல."

அவள் நாயின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்படிடா இருக்கும்? வாராவாரம் அந்தத் தொட்டிக்குப் பின்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு நீ இறங்கி வருவேன்னு உக்காந்திருந்த பொண்ணு, இன்னிக்குப் பிடுங்க ஒண்ணுமே இல்லாம பஸ் ஸ்டாப்பில நின்னு அழுதுகிட்டிருக்கு."