சாம்பல் வண்டிக்குப் போட்ட மார்க்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் இங்கே சௌக்கியம். நீ விட்டுப்போன இரண்டு கார்களில் சிவப்பும் சௌக்கியம். சாம்பல் நிற வண்டியைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. அது சௌக்கியத்துக்கும் கொஞ்சம் மேலாகவே இருக்கிறது. போனில் இதை ஆரம்பித்தால் நீ உடனே பேச்சை மாற்றி மழை பெய்ததா என்று கேட்பாய். அதனால்தான் கடிதம்.

"ரெண்டையும் ஓட்டிப் பாத்து நடுநிலையா மார்க் போடு. வளைவுல எது சொன்னபடி கேக்குது, தினமும் வேலைக்குப் போக எது தோது, அவ்வளவுதான். தோத்த வண்டியை வித்துடலாம்" என்றாய். உன் சிவப்பா, அண்ணியின் சாம்பலா என்று நீங்கள் போட்ட சண்டையில் எத்தனை முறை எங்கள் எல்லோருடைய சாப்பாடும் ஆறிப்போயிருக்கிறது! தோற்றவர் வண்டியை விற்பது என்று பந்தயம் வேறு. பந்தயம் முடியுமுன் அண்ணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நீ வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, இரண்டு வண்டிகளையும் என் வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாய். கல்லூரியில் விடைத்தாள் திருத்தியே கண் பூத்துப்போனவள் என்பதால் தீர்ப்பு என் தலையில் விழுந்தது.

சிவப்பு வளைவில் திரும்பும் அழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாலத்திலிருந்து இறங்கும் வட்டச் சாலையில் நான் ஸ்டியரிங்கைத் திருப்ப நினைக்கிறேன், அது திரும்பி முடித்திருக்கிறது. ஆனால் வேகத்தடை வந்தால் அடிவயிறு கலங்குகிறது, வண்டிக்கும் எனக்கும். கல்லூரி வாசலில் அதிலிருந்து இறங்குவது கிணற்றிலிருந்து ஏறுவது மாதிரி. இரண்டு மாணவிகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள், மூன்றாவது ஒருத்தி படம் எடுத்தாள். பின்னால் ஒரு விடைத்தாள் கட்டை வைத்தால் கைப்பைக்கு இடமில்லை. உன் மாப்பிள்ளை ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, "இது வண்டியா, சவப்பெட்டியா? படுத்துக்கிட்டே போறோம்" என்றார். வளைவுக்குத் தொண்ணூறு, தினசரிக்கு நாற்பது.

சாம்பல் அப்படியில்லை. வளைவில் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்புகிறது, வேகத்தடையில் பதவிசாக ஏறி இறங்குகிறது, கதவைத் திறந்தால் மனுஷி மாதிரி இறங்கலாம். தினசரிக்கு எண்பத்தைந்து போட்டிருப்பேன். ஆனால் முதல் நாள் காலை, நான் ஸ்டார்ட் செய்ததுமே என் சீட்டு தானாக முன்னே நகர்ந்து மேலே எழும்பியது, பக்கக் கண்ணாடிகள் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன, ஸ்டியரிங் என் மடியை நோக்கி இறங்கியது. எல்லாம் அண்ணியின் அளவு! முழங்கால் இடித்ததில் கண்ணில் பூச்சி பறந்தது. சரிசெய்தேன். மறுநாளும் அதே கதை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து சீட்டில் ஒரு கைக்குட்டைகூட இல்லை, ஆனால் பெல்ட் போடு, பெல்ட் போடு என்று வண்டி வழியெல்லாம் மணியடித்துக்கொண்டே வந்தது.

"உன் பையை அங்க வெச்சிருப்ப" என்றார் உன் மாப்பிள்ளை.

"பை பின்னாடி இருக்குங்க."

"அப்போ உங்க அண்ணி நெனப்பை வெச்சிருப்ப. அதுவும் கனம்தான்."

காலி சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டினேன். மணி நின்றது. அன்றிலிருந்து காற்றுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போய்வருகிறேன். இன்னொன்று. சிவப்புக்கு ஒரு மார்க் கூட்டலாமா என்று வாசலில் நின்று யோசித்தால் போதும், மறுநாள் அதன் பேட்டரி செத்துக் கிடக்கும். பக்கத்தில் சாம்பலின் விளக்கு ஒரே ஒரு தடவை சிமிட்டும். வாதத்தில் ஜெயிக்கும்போது அண்ணி ஒற்றைப் புருவத்தைத் தூக்குவாரே, அப்படி. திருத்துகிறவளைக் கலைக்கப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மெக்கானிக்கை வரவழைத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "மேடம், பேயும் இல்ல, பிசாசும் இல்ல. சீட்டு அளவு சாவியில பதிஞ்சிருக்கும். நீங்க வெச்சிருக்கறது அவங்க சாவி. அழிச்சுக் குடுத்துடறேன்."

"அந்தப் பக்கத்து சீட்டு?"

"அடியில சென்சார்ல தூசி அடைஞ்சிருக்கும். இவ்ளோ பெரிய வண்டி, அந்த சீட்டுக்கு ஒரு மோட்டார் வெக்கல பாருங்க. கையால இழுத்தாத்தான் நகரும்."

உடனே உன் மாப்பிள்ளை அதில் ஏறி, கால் தரையில் படுகிறவரை சீட்டை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்துகொண்டு, எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார்.

"அழிச்சிடவா மேடம்?" என்று மெக்கானிக் கேட்டார். அண்ணி உட்கார்ந்திருந்த உயரம், அவர் சாலையைப் பார்த்த கோணம், இந்த உலகத்தில் அந்தச் சாவிக்குள் மட்டும்தானே மிச்சமிருந்தது? "மேடம்?" என்றார் மறுபடியும். "அழிங்க" என்றேன்.

சென்சாரின் தூசியையும் துடைத்துவிட்டுப் போனார். அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. சீட்டு என் அளவில் நிற்கிறது. மணி இல்லை. பழக்க தோஷத்தில் பெல்ட்டை மட்டும் இன்னும் மாட்டிவைக்கிறேன்.

ஆகவே தீர்ப்பு. வளைவில் சிவப்பு முதலிடம். தினசரிக்குச் சாம்பல் நல்ல வண்டிதான், ஆனாலும் நடத்தை சரியில்லை என்று நாற்பத்தைந்து மார்க் குறைத்துவிட்டேன். சாம்பலை விற்றுவிடு. நீ கேட்டது வளைவையும் வேகத்தடையையும் பற்றியல்ல என்பது எனக்குத் தெரியாதா அண்ணா? அந்த வண்டியை இனிக் கண்ணால் பார்க்காமல் இருக்க ஒரு காரணம் கேட்டாய். இந்தா, வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். உன் மாப்பிள்ளை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். உன் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும்.

உன் அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். தபாலில் சேர்க்க சாம்பலில் போகலாமென்று கதவைத் திறந்தேன். நல்ல வெயில், தெரு நிறைய ஆட்கள். என் சீட்டு என் அளவில்தான் இருந்தது. பக்கத்து சீட்டு கடைசிவரை பின்னால் போயிருந்தது. உன் மாப்பிள்ளையைக் கத்திக் கூப்பிட்டேன். "நான் தொடவே இல்லம்மா. அவ்வளவு பின்னாடி உக்காந்தா என் காலு அந்தரத்துல ஆடும்" என்றார். நம் குடும்பத்தில் அவ்வளவு இடம் வேண்டிய நெட்டைக் கால் உனக்குத்தான். அண்ணி ஓட்ட, நீ அங்கே உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று அலறிக்கொண்டு வருவாயே.

மேலே போட்ட மார்க் அத்தனையையும் அடித்துவிடு. அண்ணி ஜெயிக்கப் பார்க்கவில்லை அண்ணா, உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்கிறாரா, ஒரேயடியாகக் கூட்டிப்போகப் பார்க்கிறாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விற்பதென்றால் நீயே வந்து அவரிடம் சொல். வந்து உட்கார்ந்ததும் முதலில் பெல்ட்டைப் போட்டுக்கொள். நேற்று சாயங்காலம் நான் மாட்டிவிட்டுத்தான் இறங்கினேன். இன்று அது கழன்று கிடக்கிறது.