கைலாசகோனாவில் அம்மா புகையான கதை

புதிதாகக் கேமரா வாங்கியவனுக்குக் கொஞ்ச காலத்துக்கு மனிதர்கள் கண்ணில் பட மாட்டார்கள். வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும். எதிரே நிற்பது பெற்ற தாய் என்பது மட்டும் தெரியாது. எனக்கு அப்படித்தான் ஆனது.

எங்கள் வீடு நகரியில். அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, அடுத்த வாரம் திருப்பதியில் மருந்து ஏற்றத் தொடங்குவதாக இருந்தது. முடி கொட்டிவிடும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இடுப்பைத் தாண்டும் முடி. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாவோ கேமரா வாங்கிக்கினு சுத்துறியே. கைலாசகோனாவுக்கு இட்டுக்கினு போ. தலைய விரிச்சிப் போட்டுக்கினு அருவில நிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு நைனா."

(மகனையும் நைனா என்றுதான் கூப்பிடுவாள். அன்று அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் பேட்டரிக்கு சார்ஜ் போடப் போய்விட்டேன்.)

அம்மா, அக்கா, நான், மூன்று பேரும் போனோம். யூடியூப் பார்த்து எல்லாம் கற்றிருந்தேன். ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தால் தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வழியும். பகல் வெளிச்சம் அதிகம் என்பதால் லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்று மாட்ட வேண்டும். கேமரா ஆடக்கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். எல்லாம் சரி. நடுவில் நிற்கும் ஆளும் இரண்டு விநாடி மூச்சுக்கூட விடாமல் நிற்க வேண்டும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

குளிக்க வந்த கூட்டத்துக்கு நடுவே ஸ்டாண்டை விரித்தேன். "ஜருகு பாபு, ஜருகு" என்று ஆளாளுக்குத் தெலுங்கில் என்னைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். நான் ஒரு விஞ்ஞானியைப் போல அசையாமல் குனிந்திருந்தேன்.

"அம்மா, நடுவுல நிக்காத. ஓரமா போ. ஆளு மூணுல ஒரு பங்கு இடத்துல வரணும்."

"இன்னாது பங்கு? இது இன்னா நிலமா?" என்றாள் அம்மா. ஆனாலும் நகர்ந்தாள். நகர்ந்த இடத்தில் தண்ணீர் தலையிலேயே கொட்டியது. முடி முகத்தில் விழ, இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டே சிரித்தாள். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"டேய், அருவிய எடுக்க வந்தியா, அம்மாவ எடுக்க வந்தியா?" என்று அக்கா கத்தினாள்.

"கலையில அவசரம் கூடாது" என்றேன். (ஆம், நிஜமாகவே இதைச் சொன்னேன்.)

வெயிலில் கேமராத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். அருவி பட்டாகத்தான் இருந்தது. அம்மா இருந்த இடத்தில் வெள்ளைப் புகை, அதற்கு மேல் கறுப்பாக ஒரு தீற்றல். முகமே இல்லை. எடிட்டிங்கில் மீட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், கூர்மையை ஏற்றினேன். பாறையில் ஒட்டிய பாசிவரை பளிச்சென்று வந்தது. இலைகள் கிளிப்பச்சை ஆயின. அம்மா வரவில்லை. பதிவாகாத முகத்தை எந்தப் பொத்தானாலும் கொண்டுவர முடியாது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு, "அதுக்குள்ள ஆவியா பூட்டேனாடா?" என்று கேட்டுச் சிரித்தாள். மறுநாளே மருந்து ஏற்றப் போக வேண்டும். இன்னொரு நாள் மறுபடி போகலாம் என்றேன். "முடி மொளைக்கட்டும், போலாம்" என்றாள்.

முடி முளைத்தது, குட்டையாக, பஞ்சு மாதிரி. அது நீளும்வரை அம்மா இருக்கவில்லை.

காரியத்துக்குப் படம் வேண்டும் என்றபோது என்னிடம் ஒன்றுகூட இல்லை. அக்காதான் தன் போனைத் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அன்று அருவியில் எனக்குப் பின்னாலிருந்து சும்மா தட்டியது. அம்மா ஈர முடி தோளில் வழிய, வாய் திறந்து, "எம்மா நேரம்டா" என்று திட்டிக்கொண்டிருக்கிறாள். தண்ணீரின் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கிறது. படத்தின் ஓரத்தில், கேமராவுக்குள் தலையை நுழைத்துக் குனிந்திருக்கும் என் பின்பக்கம்.

அதுதான் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. என் பின்பக்கத்தை அழிக்க இரண்டு நிமிஷம் போதும். அக்கா விடவில்லை. "கை வெச்சியின்னா பாரு. அவ உன்னத்தான் பாத்துக்கினு கீறா."

ஒவ்வொரு திதிக்கும் மாலை போடும்போது அது என் பின்பக்கத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறது. அக்கா பிள்ளைகள் வருஷம் தவறாமல், "மாமா, உனக்கும் சேத்து கற்பூரம் காட்டியாச்சி" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றுவிட்டு வருவேன்.