சாமுண்டீஸ்வரி டீச்சருக்கு நாங்கள் அளித்த ஆதரவு

தலைமை மாற்றத்தைத் தாங்கிக்கொள்வது எப்படி என்று உலகத்துக்கே பாடம் நடத்தத் தகுதியுள்ள ஊர் ஒன்று இருக்குமானால், அது எங்கள் செஞ்சிதான். மராட்டியர் வந்தார்கள், மொகலாயர் வந்தார்கள், நவாபு வந்தார், பிரெஞ்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். வந்தவர்களுக்கு மாலை போட்டோம், போனவர்களுக்கு வழிவிட்டோம்.

அந்த அருமையான பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாதே என்று 1961-இல் நாங்கள் தொடங்கியதுதான் ‘செஞ்சி வட்டாரப் பள்ளித் தலைமை மாற்றப் பேராதரவுச் சங்கம்’. தலைவர், மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வாசுபூஜ்ய நயினார். செயலாளர், பத்திரம் எழுதும் கோவிந்தசாமியாகிய அடியேன். உறுப்பினர்கள், நயினார் சொன்னதற்குக் கை தூக்குகிறவர்கள். சமண முறைப்படி, பொழுது சாய்வதற்குள் நயினார் சாப்பிட்டாக வேண்டும். ஆகவே எங்கள் தீர்மானங்கள் வாசிக்கும் முன்பே நிறைவேறிவிடும்.

தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் மாறும்போதெல்லாம் பள்ளி தடுமாறாமல் தாங்கிப் பிடிப்பதே எங்கள் நோக்கம். தாங்கிப் பிடிக்க, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு யூனியன் பள்ளி இருந்தது. பக்கத்துச் சிங்கவரத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். செஞ்சியில் பள்ளியே பள்ளிகொண்டிருந்தது. இரண்டே ஆண்டில் ஐந்து தலைமையாசிரியர்கள்!

ஒவ்வொருவருக்கும் வரவேற்பு, வழியனுப்பு இரண்டும் உண்டு. சந்தனம், சோடா, மைக் செட், கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல். பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு மடலைக் கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்திருந்தோம். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று கை தட்டுவார்கள். அவர்களுக்கு ஒழுங்காக வந்த பாடம் அது ஒன்றுதான். மூன்றாவது தலைமையாசிரியரை மரியாதை நிமித்தம் கோட்டை மலையான ராஜகிரியின் உச்சிக்கு அழைத்துப்போனோம். இறங்கியதும் அவர் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். நான்காமவர் காலையில் பொறுப்பேற்றார், சாயங்காலம் மாற்றல் வந்தது. காலையில் போட்ட மாலையே மாலையிலும் உதவியது.

‘மாற்றல்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் ‘ஏ’ சேர்த்துப் பேசிய பொறாமைக்காரர்களும் ஊரில் இருந்தார்கள். தமிழ் தெரிந்தவர்களால் எங்கும் தொல்லைதான்.

இப்படிச் சீராக நடந்துகொண்டிருந்த காலத்தில், 1963 ஜூனில், அவலூர்பேட்டை பஸ்ஸிலிருந்து சாமுண்டீஸ்வரி டீச்சர் இறங்கினார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை. ஆறாவது தலைமையாசிரியர். பள்ளி வாசலில் மாலையோடு நின்றோம்.

“யாருக்குங்க மாலை?” என்றார்.

“உங்களுக்குத்தாம்மா. நாங்க ஆதரவுச் சங்கம்” என்றார் நயினார்.

“ரொம்ப சந்தோஷம். எட்டு மாசமா கணக்கு வாத்தியார் இல்லையாமே. மூணாங்கிளாஸ்ல கூரை ஒழுகுதாமே. அதுக்கு ஆதரவு கெடைக்குமா?”

நயினார் நெகிழ்ந்துபோனார். “எங்களுது மனப்பூர்வமான ஆதரவும்மா. கூரை, வாத்தியாரு மாதிரி சாமானெல்லாம் அதுல வராது.”

“அப்ப மாலையைப் புள்ளையார் கோயில்ல போட்டுடுங்க. மொத மணி அடிச்சுட்டாங்க” என்று உள்ளே போய்விட்டார். மைக் செட்டுக்காரர் ஒலிபெருக்கியைக் கழற்றும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு நாகரிகமானவர்.

அதன்பின் அந்த அம்மையார் செய்த காரியங்களை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். கணக்குப் பாடத்தைத் தாமே நடத்தினார். பெற்றோரைக் கூட்டி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கூரை வேய்ந்துவிட்டார். சிங்கவரத்தில் கூலி வேலை செய்யும் செல்லம்மாள் அன்று தலையில் ஓலைக்கட்டோடு வந்து இறங்கினாள். மூன்று வருஷமாக மல்லாட்டை ஆயப் போய்க்கொண்டிருந்த அவள் மகள் தனக்கோட்டி, மறுநாளே சிலேட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷத்தில் அந்தப் பெண் பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சினிமா நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்துத் தொலைத்தாள்.

எல்லாவற்றிலும் கொடுமை, டீச்சருக்கு மாற்றலே வரவில்லை. ஒரு வருஷம் போயிற்று. இரண்டு வருஷம் போயிற்று. மற்ற ஆசிரியர்களும் தொற்றுநோய் கண்டவர்கள்போல அங்கேயே தங்கிவிட்டார்கள். 1965-இல் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது.

“யாரும் வரல, யாரும் போவல. அப்ப இந்தச் சங்கம் இன்னாத்துக்கு இருக்குது?” என்று கேட்டார் நயினார்.

“கணக்கு வாத்தியார் வேணும்னு நாம ஒரு மனு எழுதலாமே” என்றார் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஜீவரத்தினம்.

“நாம மாற்றத்துக்குத்தான் ஆதரவு. பள்ளிக்கூடத்துக்கு ஆதரவுன்னா அது வேற சங்கம்” என்று நயினார் விளக்கினார். ஜீவரத்தினம் அதோடு கை தூக்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்.

மேலிடத்துக்கு வேறொரு மனு எழுதும் பொறுப்பு என்மீது விழுந்தது. ஒரு குறைகூடச் சொல்லவில்லை, அது பண்பாடாகாது. ‘மேற்படி அம்மையாரின் பேராற்றல் மேற்படி சிற்றூரில் முடங்கிக் கிடப்பது நாட்டுக்கே நஷ்டம், ஆகவே பெரிய ஊர் ஒன்றுக்கு உயர்த்தி அனுப்பி உதவ வேண்டும்’ என்று முடித்தேன். பெற்றோரிடம் கையொப்பமும் வாங்கினோம்.

“இன்னா எழுதியிருக்குது?” என்று கேட்டாள் செல்லம்மாள்.

“டீச்சரம்மா தங்கமானவங்கன்னு எழுதியிருக்குது” என்றேன். பொய் இல்லையே?

“அப்ப ரெண்டு வாட்டி வெக்கிறேன்” என்று இரண்டு முறை கைநாட்டு வைத்தாள். நல்லவேளையாக, தனக்கோட்டி அப்போது பள்ளியில் இருந்தாள்.

மூன்றே வாரத்தில் உத்தரவு வந்தது. சிதம்பரம் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கு மாற்றல். டீச்சர் அந்தக் காகிதத்தோடு என் கடைக்கே வந்தார்.

“நீங்க எழுதினதாமே?”

“எல்லாம் உங்க புகழைத்தாம்மா எழுதினேன்.”

டீச்சர் காகிதத்தை மடித்தார். “அஞ்சாங்கிளாஸ்ல பின்னம் பாதியில நிக்குது” என்றார். குடையை விரித்துக்கொண்டு வெயிலில் போனார். அன்று நான் எழுதிய கிரயப் பத்திரத்தில் மூன்று இடத்தில் அடித்தல் திருத்தல். வெயில்தான் காரணம்.

வழியனுப்பு விழா எங்கள் சரித்திரத்திலேயே பெரியது. இந்த முறை மாலையைத் தட்டிக்கழிக்க டீச்சருக்கு வழியில்லை. மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நாலு பக்கத்தில் தனி வாழ்த்துமடல் அச்சடித்துக் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்தோம். நயினார் ‘கல்விக் கடல்’ என்றார். ஜீவரத்தினம் ‘கணித மேதை’ என்றார். நான் பேசி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

கூட்டத்தின் நடுவே ஒரு குரல் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று ஒலித்துக்கொண்டே இருந்தது. தனக்கோட்டி தன் அம்மாவுக்கு மடலைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் முடிந்ததும் செல்லம்மாள் எழுந்து நேராக மைக்கிடம் வந்தாள். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

“டீச்சரம்மாவப் பத்தி எல்லாம் நல்லாத்தான் எழுதிக்கீறீங்க. ஒண்ணுகூடப் பொய்யில்ல. ஆனா நாலு பக்கம் தேடியாச்சு. இவங்க இங்கியே இருக்கட்டும்னு ஒரு எழுத்து இல்லியே சாமி. எங்கிட்ட வாங்கின கைநாட்டும் இதுக்குத்தானா?”

மைக் செட் நன்றாக வேலை செய்தது. கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். பிள்ளைகள் கை தட்டவில்லை. டீச்சர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இறங்கிப் போய்த் தனக்கோட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நயினார் என்னைப் பார்த்தார். செயலாளரின் கடமை எனக்கு மறக்கவில்லை. நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்:

‘பெற்றோர் சார்பில் திருமதி செல்லம்மாள் நன்றி கூறினார்.’