பூச்சி அண்ணனின் கல்யாணக் கட்டில்

ஒரகடம் வட்டாரத்தில், உள்ளே வண்டு அரிக்கிறதா என்று பூச்சி அண்ணன் காதை வைத்துக் கேட்காத மரமே கிடையாது. டீக்கடை பெஞ்சு, பஸ் ஸ்டாப் வேப்பமரம், பிள்ளைப்பாக்கம் சர்ச்சு பெஞ்சு எதுவும் தப்பியதில்லை. பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது இவர் முன் பெஞ்சில் காதை ஒட்டியிருப்பார். மனசு உடைந்து சாய்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருமுறை முதுகைத் தடவி ஆறுதல் சொன்னார்.

சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். என் ரூம்மேட். எங்கள் கம்பெனி குடோனில், வெளிநாட்டு உதிரிபாகம் வரும் மரப்பெட்டிகளைச் சோதிப்பது அவர் வேலை. "ஒத்த வண்டு தப்பிச்சு வண்டலூர் காட்டுக்குள்ள போச்சுன்னா முடிஞ்சுதுடே. உள்ளயே தின்னுகிட்டு இருக்கும். மரம் சாயும்போதுதான் நமக்குத் தெரியும். மொத ஓட்டையிலயே பிடிச்சிரணும்" என்பார், சோறு போடும்போதுகூட.

ஆனால் அவர் பிடித்ததெல்லாம் ஆணி ஓட்டைதான். லாரி நிற்கும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் வந்து நிற்பார்.

"இன்னாய்யா, ஆணி ஓட்டைக்கெல்லாம் வண்டிய நிறுத்திகினு கீற?"

"வண்டு இல்லன்னா சந்தோசந்தான சார்?"

அவர் கல்யாண லீவில் போனார். அந்த நேரத்தில் வந்த பெட்டிகளை மருந்தடித்ததற்கான முத்திரையை மட்டும் பார்த்துத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் அந்தப் பலகைகளைக் கேட்டு வாங்கி, ஓ.டி.யை விட்டுவிட்டு, அவருக்குக் கட்டில் செய்தோம். வண்டு பிடிக்கிற மனுஷனுக்குப் பெட்டி மரத்தில் கட்டிலா என்று ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

புதுப்பெண்ணோடு வந்தவர் கட்டிலைப் பார்த்துக் கண்கலங்கினார். உட்கார்ந்தார். அப்புறம் குனிந்தார். கட்டில் காலடியில் மாவு மாதிரி பொடி.

"ஆணி ஓட்டைண்ணே" என்றேன்.

"ஆணி பொடி தள்ளுமாடே?"

உளியால் காலைப் பிளந்தார். உள்ளே வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. முதல்முறையாக அவர் சந்தேகம் பலித்தது, அதுவும் சொந்தக் கட்டிலில். புழுவைப் பாட்டிலில் போட்டுக் கம்பெனியில் கொடுத்தார். மிச்சப் பெட்டிகளையெல்லாம் மூடி மருந்தடித்தார்கள்.

"ஒரு காலை மாத்திட்டா போதாதாண்ணே?"

"எந்தக் கால்ல எத்தன கெடக்குன்னு யாரு கண்டா? எரிச்சிரணும்டே."

சாயங்காலம் காலி மனையில் கட்டிலைப் பிரித்து அடுக்கினோம். அண்ணன் தீப்பெட்டியோடு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். "பயலுவ ஆசையா செஞ்சது. எனக்குக் கை வரமாட்டேங்கு" என்றார் மனைவியிடம். மதினி தீப்பெட்டியை வாங்கிப் பற்றவைத்தார். அண்ணன் நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்று, எங்களைப் பார்த்துச் சின்னப் பிள்ளைபோல அழுதார்.

கட்டில் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த மனுஷனுக்கென்றால் இன்னும் பத்துக் கட்டில் செய்யலாம்.