ஒரே ஞாயிற்றில் நாலு ஓலை

என் கல்யாண அறிவிப்பைக் கோவிலில் நாலு முறை வாசித்தபோது, வீட்டில் எனக்குப் பெண் பார்க்கவே தொடங்கியிருக்கவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. கொஞ்சம் ஜாவாவுக்கும் பங்குண்டு என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் ஒப்பவில்லை.

பீர்மேட்டுப் பக்கம், தேயிலை எஸ்டேட் மாதா கோவில். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது அறிவிப்பு, வாசிப்பார்கள். அந்த வாரம் என் அக்கா சகாயத்தையும் சேர்த்து மூன்று ஜோடிகள். அப்போது நான் கல்லூரியில் ஜாவா என்ற கணினி மொழியை ஆறு மாதம் படித்திருந்தேன் (அதாவது, எல்லாம் தெரிந்தவன்). ஓலைகளைக் கையால் எழுதவிருந்த, கோவில் காரியம் பார்க்கும் சூசை உபதேசியாரிடம், "விடுங்க, புரோகிராம் எழுதி அடிச்சுத் தாரேன்" என்றேன். பத்து நிமிட வேலைக்கு இரண்டு நாள் ஆனது.

'ஜோடி' என்று ஒரு ஆப்ஜெக்ட், பெயர் போட்டுவைக்கும் பெட்டி மாதிரி, உண்டாக்கிப் பட்டியலில் சேர்த்தேன். அடுத்த ஜோடிக்கு அதிலேயே பெயரை மாற்றி மறுபடி சேர்த்தேன். பெயர் மாறினால் ஆப்ஜெக்டும் புதிதாகிவிடும் என்று நம்பினேன். நாலாவதாக, சோதனைக்கு, என் பெயரையும் பாடகர் குழு ஷைனியின் பெயரையும் அடித்தேன் (வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள்). பிறகு அந்தப் பெட்டியைச் சுட்டும் சீட்டான வேரியபிளைக் காலி செய்துவிட்டு, நாலாவது ஜோடி ஒழிந்தது என்று பிரிண்ட் எடுத்து, படித்துப் பார்க்காமலே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. "எட்வினுக்கும் ஷைனிக்கும் முதலாம் ஓலை. தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று சூசை தலை நிமிராமல் வாசித்தார். அடுத்ததும் எட்வினுக்கும் ஷைனிக்கும். மூன்றாவதில் பின் பெஞ்சுகள் சிரித்தன. நாலாவதில் ஷைனியின் அப்பா, ஃபேக்டரி டீமேக்கர், எழுந்தேவிட்டார்.

"தடை இருக்கு சாமி! நாந்தான் தடை!"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "ஏலே, உன் கல்யாணத்த நாலு தடவ வாசிச்சாச்சு. உங்க அக்கா கல்யாணத்த ஒரு தடவகூட வாசிக்கலியேலே!"

போடியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பீடத்துக்குப் பின்னாலிருந்த வாசலைப் பார்த்தேன்.

சாமியாரின் அறையில் விளக்கினேன். "ஆப்ஜெக்ட் ஒண்ணுதான் சாமி, நாலு தடவையும் அதையே சேர்த்துட்டேன். கடைசியாப் போட்ட பேருதான் எல்லாத்துலயும் நிக்கும். வேரியபிளக் காலி பண்ணினாலும் உள்ள இருக்கிறது போகாது."

"உள்ள இருக்கிறது போகலியாம். கேட்டீங்களா சாமி!" என்று டீமேக்கர் பாய்ந்தார்.

சாமியார் தாமே மூன்று ஓலைகளையும் கையால் எழுதி, வெளியே வந்து வாசித்தார். அக்கா கல்யாணம் தப்பியது. அக்கா என்னோடு பேச மூன்று மாதமானது.

எட்டு வருடம் கழித்து என் நிஜ ஓலையை வாசித்தார்கள். "தடை அறிந்தவர்கள்" என்றதும் கோவில் மொத்தமும் ஷைனி பக்கம் திரும்பியது. மடியில் குழந்தையோடு இருந்தவள், ஒன்றுமில்லை என்று சிரித்தபடி கையாட்டினாள்.

என் மனைவி இன்றும் என்னிடம் சத்தம் போட்டுச் சண்டை போடுவதில்லை. "எனக்கு மூணு ஓலைதான். அவளுக்கு நாலு" என்பாள். அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது நான்.