பொம்மை குடித்த சிகரெட்

புகையுறிஞ்சியாரைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. தெரியாது என்றால் அவருக்கு இருமல் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். தினமும் காலை ஏழு மணிக்கே மாடிப்படியில் கூட்டம் நெரியும். மூச்சு வாங்குகிறவர்களுக்கு வைத்தியம் செய்பவர் குடியிருந்தது மூன்றாம் மாடியில்! அதை ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க மூச்சு இருந்தால்தானே?

வைத்தியம் சுலபம். நோயாளி முதுகைக் காட்டி உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் புகை தன்மேல் பாய்ந்துவிடும் என்று ஐயா முன்பக்கம் வரவே மாட்டார். முதுகில் வெள்ளைத் துணியைப் போர்த்தித் தடவுவார். ஒரே நிமிடத்தில் துணி கன்னங்கரேல் என்றாகிவிடும்.

"பாருங்க, இருபது வருசப் புகை வெளிய வந்துருச்சு!"

கூட்டத்துக்குப் புல்லரிக்கும். நெஞ்சு சுத்தமான சந்தோஷத்தில் வாசலுக்கு வந்ததும் ஆளுக்கொரு சிகரெட் பற்றவைப்பார்கள். நாளைக்கும் ஐயா இருக்கிறாரே! வாசலில் சிகரெட் விற்றவர் ஐயாவின் மச்சான் என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

வரிசையில் முதல் ஆள் எங்கள் தையல்காரர். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். நாலு எட்டு வைத்தால் இரைக்கும். இப்போது காலிரண்டும் வீங்கி, மெஷினை மிதிக்கவே முடியவில்லை. டாக்டர் அவர் மனைவியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"புகையில நுரையீரல் கெட்டுப்போச்சும்மா. அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ள இதயத்தோட வலது பக்கம் மல்லுக்கட்டி மல்லுக்கட்டித் தளர்ந்துருச்சு. அதான் கால்ல நீர் கோத்திருக்கு. சிகரெட்டை விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரியில சேரலைன்னா உயிருக்கே ஆபத்து."

தையல்காரர் கேட்டால்தானே! "கால் வீக்கத்துக்கும் நெஞ்சுக்கும் என்னடி சம்பந்தம்? புகை கால்ல இறங்கிருச்சாம். இன்னும் நாலு தடவை தடவினா போதும்னு ஐயா சொல்லிட்டாரு."

அவளுக்கு அழுகை பொங்கியது. அழுதுகொண்டே அவர் கொண்டுவந்த கரித்துணியைத் துவைக்க எடுத்தாள். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே பழகிய கை. முதுகில் பட்ட பக்கம் பளிச்சென்ற வெள்ளை. கரி முழுக்க வெளிப்பக்கம்! அழுகை நின்றது.

மறுநாள் காலை, தலையோடு போர்வை போர்த்திய ஓர் உருவத்தை அவளும் அவள் தம்பியும் நாற்காலியோடு தூக்கிவந்து, முதுகு தெரிய வைத்தார்கள்.

"எங்க கடையிலயே இருக்கிறவருங்க ஐயா. பேச்சே கிடையாது."

"அடடா! நாப்பது வருசப் புகை! இதயத்தையே அமுக்குது!"

ஐயா தடவினார். துணி கறுத்தது. கூட்டம் கைதட்டியது. அவள் போர்வையை உருவினாள். கடை வாசலில் சட்டை மாட்டி வைக்கும் பொம்மை! தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொம்பு.

"எந்த வாயில வச்சுக் குடிச்சாருங்க ஐயா?" என்று கேட்டாள்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பொம்மைக்குள்ள இருந்தே புகையை எடுத்தாருன்னா, எப்பேர்ப்பட்ட சக்தி!" ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். தலையில் அடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கை போதவில்லை.

வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரர் மட்டும் இரைக்க இரைக்க எழுந்தார். "ஐயா, உங்க அங்கியோட வலது கை மடிப்பைக் கொஞ்சம் காட்டுங்க."

ஐயா கையை வெடுக்கென்று இழுத்தார். இழுத்த வேகத்தில் கரித்தூள் அங்கியெல்லாம் கொட்டியது.

"உள்ளே ரகசியப் பை வச்சுத் தைச்சவன் நான்தான்," என்றார் தையல்காரர். "எதுக்குன்னு கேட்டேன். சக்தி வைக்கன்னாரு. நானும் மடையன் மாதிரி ரெட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்."

"இப்பவாவது ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றாள் மனைவி.

அவர் தன் சிகரெட் பாக்கெட்டை எடுத்துப் பொம்மையின் சட்டைப் பையில் செருகினார். "இவரே வச்சுக்கட்டும். இவருக்குத்தான் இதயம் இல்லையே."

பொம்மை இன்றுவரை அதைத் தொடவில்லை. தலைக்குப் பதில் சொம்பு வைத்திருக்கும் அதற்கே அவ்வளவு புத்தி. நிஜத் தலை வைத்திருக்கும் மகாஜனங்களே, அதைச் சீவிக்கொள்ள மட்டுந்தான் வைத்திருக்கிறீர்களா?