காசு என்று சொல்லக் கூசியவள்

தங்களுக்குப் பக்குவமாகப் பேச வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம் நோயாளிகளை ஒப்படைக்கவே கூடாது. நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தவள்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜை வேலை. ஆடிச் சாரல், ஏசியின் முனகல், கண்ணாடிக்கு வெளியே மங்கலாக மிதந்து போகும் குடைகள். பாதி நேரம் நான் விழித்திருக்கிறேனா என்பதே சந்தேகம். (சம்பளம் முழு நேரத்துக்கும் வாங்கினேன்.) ஸ்கேனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராமல் போகலாம், அப்படியானால் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.

அன்று வந்தவர் வெள்ளகோவில் விவசாயி. அறுபது வயதிருக்கும். ஓயாத தலைவலி. மகனுடைய ஆபீசில் குடும்பத்துக்கே இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். அவ்வளவு மரியாதையான மனுஷரிடம் போய்க் காசைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம். அதனால் அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைத் தாலாட்டுப் பாடுவதுபோலச் சொன்னேன்.

"ஏனுங்க ஐயா, அவங்க கைவிட்டாலும் விட்டுருவாங்க. மனசத் தயாரா வெச்சுக்கங்க. இங்க ஒரு கையெழுத்துங்க."

அவர் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார். "இன்னும் எத்தன நாளுங்க அம்மணி?"

கம்பெனியின் பதிலைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "ரெண்டு வாரத்துல முடிஞ்சுருமுங்க" என்று சிரித்தேன். (ஆமாம், சிரித்தேன்.)

கையெழுத்துப் போட்டார். உள்ளே கூப்பிட்டபோது ஆளைக் காணோம். தேடிக்கொண்டு ஓடினால், எதிரே எஸ்டிடி பூத் வாசலில் கண் கலங்கி நிற்கிறார். வரப்புத் தகராறில் எட்டு வருஷமாகப் பேசாத தம்பிக்குப் போன் பண்ணினாராம், கடைசியாக ஒரு தடவை பார்த்துப்போடலாமென்று. தம்பி போனிலேயே அழுதுவிட்டு, உடனே வண்டி பிடித்துக் கிளம்பிவிட்டாராம்.

அப்போதுதான் எனக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, நான் சொன்னது காசைப் பற்றித்தான் என்று திக்கித் திணறி விளக்கினேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் நனைந்த தெருவைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"தம்பி வந்து சேர்ற வரைக்கும் இத ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க அம்மணி."

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில், கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூக்குக் கண்ணாடியை மாற்றினால் போதும் என்றார் டாக்டர்.

விஷயம் வெளியே தெரிந்து, மறுநாளே என்னை ஃபைல் அறைக்கு மாற்றினார்கள். வீட்டிலும் இன்றுவரை அதே தீர்ப்புதான். கெட்ட சேதி எதையும் நான் சொல்லக் கூடாது. போன மாதம் மிக்ஸி ரிப்பேரான விஷயத்தைக்கூட, என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, என் வீட்டுக்காரர்தான் மகளிடம் சொன்னார்.